செய்து பார்த்துக் கற்கும் அறிவியல்: நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

6, 7, 8ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுப்பவர்கள், முக்கியமாக ஆய்வகம் இல்லாத நடுநிலைப் பள்ளிகளில் இருப்பவர்கள், பயிற்சி வகுப்பிலும் இடைவேளை டீயின்போதும் கேட்கிற கேள்விகள் இவை. சில கேள்விகள் தலைமையாசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை. பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கிறது.

நான் மேசைமேல் வைத்துச் செய்துகாட்டுகிறேன், பிள்ளைகள் பார்க்கிறார்கள். அது செய்முறை இல்லையா?

செய்துகாட்டுவதில் தப்பில்லை. நெருப்பு, அமிலம் என்று வந்தால் அப்படித்தான் செய்தாக வேண்டும். ஆனால் என்ன நடக்கும் என்று பிள்ளை முன்கூட்டியே ஒரு பதிலைச் சொல்லாமல் பார்க்கிற சோதனை வெறும் வேடிக்கையாகப் போய்விடும். கைதட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

ஆரத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் சிவந்துவிடும் என்பது கல்யாண வீட்டுக்குப் போன எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் அதைச் செய்துகாட்டிப் பயனில்லை. அந்தச் சிவந்த தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். இன்னும் சிவக்கும், வெள்ளையாகிவிடும், ஒன்றும் ஆகாது என்று மூன்று கட்சி உடனே உருவாகும். ஒவ்வொருவரும் தன் பதிலையும் ஏன் என்று ஒரு வரியையும் நோட்டில் எழுதட்டும். பேனாவில்தான், அழிக்க முடியாதபடி. அப்புறம் பிழியட்டும். தண்ணீர் மறுபடி மஞ்சளாகும். திரும்பச் சுண்ணாம்பு போட்டால் திரும்பச் சிவக்கும்.

உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. "அப்போ மஞ்சளாக இருந்தால் அது அமிலமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஆமாம் என்று பாதி வகுப்பு சொல்லும். யாராவது ஒரு பிள்ளை, "சார், வெறும் தண்ணியிலயும் மஞ்சள் மஞ்சளாத்தானே இருந்துச்சு" என்று சொல்லும். மஞ்சளை வைத்துக் காரத்தைக் கண்டுபிடிக்கலாம், அமிலத்தையும் தண்ணீரையும் பிரித்துச் சொல்ல முடியாது என்று அவர்களே வந்து சேர்வார்கள். அந்த நேரத்தில் சங்குப்பூச் சாற்றையோ செம்பருத்திச் சாற்றையோ எடுத்து வையுங்கள். சங்குப்பூ நீலம் அமிலத்தில் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறும், காரத்தில் பச்சையாகும். ஏன் இன்னொரு நிறங்காட்டி தேவைப்பட்டது என்பது அப்போது யாருக்கும் விளக்க வேண்டியிருக்காது. கடைசியில் ஷாம்பூவைச் சோதிக்கக் கொடுங்கள். சோப்பைப் போலக் காரமாக இருக்கும் என்று எல்லாரும் எழுதியிருப்பார்கள். பல ஷாம்பூக்கள் லேசான அமிலத்தன்மை உள்ளவை.

ஆய்வகமும் இல்லை, நிதியும் இல்லை. எதை வைத்துச் செய்வது?

இந்த மூன்று வகுப்புகளின் பாடத்தில் பெரும்பகுதிக்கு ஆய்வகமே வேண்டாம். தண்ணீர்க் குழாயும் நிழலான தாழ்வாரமும் போதும். ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்சு மருந்துக்கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதைவிட நல்ல அளவுகருவி இந்த வயதுக்குக் கிடையாது. லேத் பட்டறையில் இரும்புத்தூள் சும்மா கொடுப்பார்கள் (காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள், அலுமினியமும் பித்தளையும் கலந்திருக்கும்). ஊசலுக்கு ஹார்டுவேர் கடை நட்டும் தையல் நூலும். காந்தத்துக்குப் பழைய ஸ்பீக்கர். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதில் கருவேல முள், அது நம் ஊரில் எங்கே இல்லை?

வெப்பமானி, லென்ஸ், சோதனைக்குழாய், டார்ச் பல்பு ஆகியவற்றை மட்டும் காசு கொடுத்து நல்லதாக வாங்குங்கள். அளக்கிற கருவியில் மிச்சம் பிடித்தால், பிள்ளைகள் அளவையே நம்பாமல் போய்விடுவார்கள்.

வகுப்பில் 45 பேர். பீரியட் 40 நிமிடம். நடக்கிற காரியமா?

நேரத்தைத் தின்பது சோதனை இல்லை, பொருளை விநியோகிப்பதுதான். ஒரு குழுவுக்கு ஒரு ஸ்வீட் டப்பா என்று முந்தின நாளே நிரப்பி வைத்துவிட்டால் பத்து நிமிடம் மிச்சமாகும். நிரப்பும் வேலையைக் குழுத் தலைவர்களிடம் கொடுங்கள். அவர்கள் மதிய உணவு இடைவேளையில் ஆசையாகச் செய்வார்கள்.

குழுவுக்கு ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஆறாவது ஆள் பேச்சுக்குப் போய்விடுவான். அப்புறம், எல்லாவற்றையும் ஒரே பீரியடில் திணிக்காதீர்கள். முதல் நாள் கடைசிப் பத்து நிமிடத்தில் கேள்வியையும் ஊகத்தையும் எழுதி முடித்துவிடுங்கள். மறுநாள் செய்து அளக்கட்டும். மூன்றாம் நாள் பேச்சு. அந்த மூன்றாம் நாளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், டப்பாவை மூடினால் பாடம் முடிந்தது என்று நினைத்து.

சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

தட்டுத் தண்ணீரில் நிற்கும் மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்த்தால் உள்ளே தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏற வேண்டும். எனக்குச் சரியாக வருவதே இல்லை. என்ன தவறு?

தவறு உங்களிடம் இல்லை, சோதனைக்குத் தருகிற விளக்கத்தில் இருக்கிறது. காலங்காலமாகப் பாடநூல்கள் பலவற்றில் இது வந்துகொண்டிருக்கிறது. எரியும்போது ஆக்சிஜன் தீர்ந்துவிடுகிறது, காற்றில் அது ஐந்தில் ஒரு பங்கு, அதனால் தண்ணீர் அந்த இடத்தை நிரப்புகிறது என்பார்கள். கேட்க அழகாக இருக்கும்.

முதலாவது, ஆக்சிஜன் தீர்வதே இல்லை. சாதாரணக் காற்றில் சுமார் 21 விழுக்காடு இருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 16 விழுக்காடாகக் குறைந்தாலே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். இரண்டாவது, போன ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்துவிடுகின்றன. நீராவி குளிர்ந்து தண்ணீராகும், உண்மைதான். ஆனால் கார்பன் டை ஆக்சைடு அந்த ஒரு நிமிடத்தில் அப்படியொன்றும் கரைந்துவிடாது.

சரி, தண்ணீர் ஏன் ஏறுகிறது? டம்ளரைக் கவிழ்க்கும் நேரத்தில் சுடர் உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்கி விரியவைக்கிறது. அதில் கொஞ்சம் வெளியே போய்விடுகிறது, விளிம்பில் குமிழிகள் வருவதைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. பெரும்பகுதி ஏற்றம் இதனால்தான்.

இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். இந்த வகுப்புகளில் கிடைக்கும் மிகச் சிறந்த துப்பறியும் வேலை இது. தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் தீர்வதால் என்றால், எரிகிற நேரம் முழுக்க மெதுமெதுவாக ஏற வேண்டும். ஆனால் சுடர் அணையும் தறுவாயிலும் அணைந்த பிறகும்தான் விறுவிறு என்று ஏறும். அடுத்து, அதே டம்ளருக்கு அடியில் ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்தி. காற்று அதே அளவு, ஆக்சிஜனும் அதே அளவு. தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். இங்கே வகுப்பு அமைதியாகிவிடும். கடைசியாக, மெழுகுவர்த்தியே இல்லாமல், வெந்நீரில் முக்கிச் சூடாக்கிய டம்ளரைத் தட்டிலுள்ள தண்ணீரில் கவிழ்த்துவிட்டுக் காத்திருங்கள். எரிவதே இல்லை, ஆனாலும் தண்ணீர் ஏறும்.

ஐந்தில் ஒரு பங்கை நிஜமாகவே காட்ட வேண்டுமென்றால் இரும்புத்தூளிடம் போக வேண்டும். லேத் பட்டறைத் தூளில் எண்ணெய் இருக்கும், சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, ஈரத்தோடு சோதனைக்குழாயின் உட்சுவரில் ஒட்டவைத்து, தண்ணீர் உள்ள கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்துங்கள். இரும்பு துருப்பிடித்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு எந்த வாயுவையும் விடாது. சில நாட்களில் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி நின்றுவிடும். பாத்திரம் தேய்க்கிற பளபளப்பான ஸ்டீல் நாரைப் போட்டுவிட்டு ஏன் ஏறவில்லை என்று கேட்காதீர்கள். அது துருப்பிடிக்காத எஃகு.

பரீட்சையில் பழைய விளக்கத்தை எழுதினால்தான் மதிப்பெண் என்றால் என்ன செய்வது என்று ஒரு டீச்சர் கேட்டார். இரண்டையும் தெரிந்துவைத்திருக்கட்டும். எது சரி, எது தாளுக்கு என்று 12 வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விடை வருகிறது. எதைச் சரி என்று சொல்வது?

உடனே எதையும் சொல்லாதீர்கள். எல்லாக் குழுவின் எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். அந்தக் கரும்பலகைதான் உங்கள் பாடநூல்.

ஊசலை வைத்துச் சொல்கிறேன். ஒரு மீட்டர் நூலில் நட்டைக் கட்டி, பத்து அலைவுக்கு (போய்த் திரும்பி வந்தால் ஒன்று) எவ்வளவு நேரம் என்று அளந்தால் கிட்டத்தட்ட 20 வினாடி வர வேண்டும். பலகையில் 19.6, 20.3, 20.1 என்று வரும்போது ஒரு 18உம் ஒரு 10உம் நடுவில் வந்து நிற்கும். 18 வந்த குழு நட்டை விட்ட கணத்திலேயே "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கியிருக்கும், அதாவது எண்ணியது பத்து, நடந்தது ஒன்பது. 10 வந்த குழு போனதை ஒன்று, வந்ததை இரண்டு என்று எண்ணியிருக்கும். இதைக் கண்டுபிடிப்பது மற்ற குழுக்களின் வேலை. "எங்க முன்னாடி செஞ்சு காட்டு" என்று கூப்பிடுவார்கள். யாரும் திட்டாமல், யாரும் அவமானப்படாமல், பிழை எங்கே நுழைந்தது என்று பார்த்துவிடுவார்கள்.

19.6, 20.3 என்ற சின்ன வித்தியாசங்கள் வேறு ரகம். அது யாருடைய தவறும் இல்லை, கை வேகம். மூன்று முறை அளந்து சராசரி எடுப்பது ஏன் என்று கணக்கு வகுப்பில் புரியாதது இங்கே புரியும்.

ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். பக்கத்துக் குழுவைப் பார்த்து எண்ணைத் திருத்துவது. நம் பிள்ளைகளுக்கு இதில் நல்ல பழக்கம் உண்டு, ரெக்கார்டு நோட்டில் பெரிய வகுப்பு அண்ணன்மார் செய்வதைப் பார்த்திருக்கிறார்கள். விடை ஒத்துப்போனால் மட்டும் "வெரிகுட்" சொல்கிற ஆசிரியர்தான் இதைக் கற்றுக்கொடுக்கிறார். விநோதமான எண் வந்த குழுவிடம் முதலில் ஆர்வத்தோடு போய் நில்லுங்கள், இரண்டு வாரத்தில் திருத்துவது நின்றுவிடும்.

எல்லாப் பாடத்தையும் இப்படி எடுத்தால் போர்ஷன் முடியுமா?

முடியாது. எடுக்கவும் தேவையில்லை. அணுவின் அமைப்பு, இதயம், கோள்களுக்கு இடையிலான தூரம் இவற்றையெல்லாம் செய்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தெர்மாகோல் உருண்டையில் அணு மாதிரி செய்வது கைவேலை வகுப்பு, அதில் சோதிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அவற்றைக் கதையாகச் சொல்லுங்கள், படம் போடுங்கள், வாசிக்கச் சொல்லுங்கள். நல்ல விரிவுரைக்கு அறிவியல் வகுப்பில் இடம் உண்டு.

பருவத்துக்கு மூன்று பாடத்தைத் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் முழுதாகச் செய்யுங்கள். பிள்ளைகள் வலுவான தப்பான நம்பிக்கையோடு வருகிற பாடங்களாகப் பாருங்கள். கனமான பொருள் வேகமாக விழும், விதை முளைக்க வெளிச்சம் வேண்டும், கம்பளி சூட்டை உண்டாக்கும், மின்சாரம் பல்பில் தீர்ந்துவிடும். இவை பேச்சால் மாறாதவை. மற்றவற்றை வேகமாக எடுத்துப் போகலாம்.

இதற்கெல்லாம் மதிப்பெண் எங்கே?

முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் முழுக்க வகுப்பில் நடப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவக் கடைசித் தேர்வு) 60. அந்த 40இல் செயல்பாட்டுக்கென்று ஒதுக்கியது இருக்கிறதே, அதுதான் இடம். ஆனால் நடைமுறையில் அது சார்ட் மதிப்பெண்ணாகிவிட்டது. கடையில் வாங்கிய படத்தை ஒட்டி, ஸ்கெட்சில் பார்டர் போட்டு, தலைப்பை அப்பா எழுதிக் கொடுத்த சார்ட்.

அதற்குப் பதில் நோட்டைப் பாருங்கள். முன்னால் எழுதிய ஊகம், அளந்த எண், ஊகம் தப்பாக இருந்தால் அதைப் பற்றி எழுதிய இரண்டு வரி. ஊகம் தப்பானதற்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். அதைச் சொல்லியே தொடங்குங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் வகுப்பில் முதல் மாணவி என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இது வெளிநாட்டுப் பள்ளிக்குச் சரி, நம் அரசுப் பள்ளியில் யார் செய்திருக்கிறார்கள்?

செய்திருக்கிறார்கள், முப்பது ஆண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டம் (இப்போது நர்மதாபுரம்). 1972இல் கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் மாநில அரசின் ஒப்புதலோடு 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கின. 6 முதல் 8 வரை, கிராமத்துப் பிள்ளைகள், மண் தரை வகுப்பறைகள். டெல்லி பல்கலைக்கழகத்திலிருந்தும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் விஞ்ஞானிகள் வந்து ஆசிரியர்களோடு உட்கார்ந்தார்கள். 1978இல் மாவட்டம் முழுக்கப் பரவியது. 1982இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு பொறுப்பேற்று மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது.

அந்தப் பாடநூலில் விடை இருக்காது. செய்து, அளந்து, விவாதித்து, முடிவை நோட்டில் எழுத வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் எடுத்துப்போகலாம், செய்முறைத் தேர்வு தனியாக உண்டு. சவாலிராம் என்று ஒரு கற்பனை ஆள். பிள்ளைகள் அவருக்குக் கேள்வி எழுதிப் போடலாம், பதில் வரும். மேலே சொன்ன முள் யோசனைகூட அங்கே பழக்கத்தில் இருந்ததுதான். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூப்பையும் வைத்து வடிவங்கள் செய்யும் அரவிந்த் குப்தாவைப் பலருக்குத் தெரிந்திருக்கும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு வேலையில் இருந்தவர், 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அந்த வேலையைத் தொடங்கியது ஹோஷங்காபாத்தில்தான்.

என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் உயிர் சோதனைப் பொருட்கள் அடங்கிய கிட்டில் இல்லை. ஆசிரியர்களுக்குக் கோடையில் பயிற்சி, அப்புறம் மாதந்தோறும் கூட்டம். போன மாதம் எந்தச் சோதனை வரவில்லை, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று பேசுகிற கூட்டம். சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் சேரும் நம் குறுவளமையக் கூட்டத்தில் அதற்கு அரைமணி நேரம் ஒதுக்கினாலே பெரிய விஷயம்.

வானவில் மன்றம் வந்துவிட்டதே, இனி நான் ஏன் தனியாகச் செய்ய வேண்டும்?

வானவில் மன்றம் 2022 நவம்பரில் திருச்சியில் முதல்வர் தொடங்கிவைத்தது. 6 முதல் 8 வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கருத்தாளர்கள் வண்டியில் பொருட்களோடு பள்ளிக்கே வருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கருத்தாளர் வந்து போகிறவர், வகுப்பு உங்களுடையது. அவர் வருவதற்கு முந்தின நாள் என்ன சோதனை என்று கேட்டு, பிள்ளைகளிடம் ஊகம் எழுதி வாங்கிவையுங்கள். போன மறுநாள், செய்ததில் ஒன்றை மட்டும் எடுத்து, ஒரு பொருளை மாற்றினால் என்ன ஆகும் என்று தொடருங்கள்.

1987 முதல் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தார் நடத்திவரும் துளிர் இதழின் பழைய பிரதிகள் கிடைத்தால் விடாதீர்கள்.

ஸ்மார்ட் போர்டில் வீடியோ காட்டினால் போதாதா?

எரிமலைக்கும் இதயத் துடிப்புக்கும் போதும். ஊசலுக்கு வேண்டாம். வீடியோவில் சோதனை எப்போதும் சரியாகவே வரும், அதுதான் அதன் குறை.

விபத்து நடந்தால் யார் பொறுப்பு? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. அதனால் எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.

சுண்ணாம்பைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன், ஏனென்றால் அதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. பாக்குக் கடைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் அமுக்கும்போது பீய்ச்சிக் கண்ணில் அடித்தால் பார்வையே போகலாம். சுண்ணாம்புத் தெளிநீரை நீங்களே முந்தின நாள் கரைத்து, தெளியவைத்து, மேல்நீரை மட்டும் கொண்டுவாருங்கள். எது கண்ணில் பட்டாலும் உடனே ஓடும் தண்ணீரில் கழுவத் தொடங்கி, நிறுத்தாமல் கழுவி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தத் தெளிநீரில் மூச்சு ஊதும் சோதனைக்கு, ஸ்ட்ராவின் மேல்பகுதியில் ஊசியால் ஒரு துளை போட்டுவிடுங்கள். ஊதலாம், தவறி உறிஞ்சினால் தண்ணீர் மேலே வராது.

வீட்டு மின்சாரம் கூடவே கூடாது, கட்டை பேட்டரி மட்டும். பழைய செல்போன் பேட்டரியை யாராவது கொண்டுவருவார்கள், வாங்கி வெளியே வைத்துவிடுங்கள், அது தீப்பிடிக்கும். சானிடைசர் பூசிய கையோடு சுடர் பக்கம் வரக்கூடாது. பாதரச வெப்பமானி அலமாரியில் இருந்தால் பயன்படுத்த வேண்டாம், சாராய வெப்பமானியோ டிஜிட்டலோ வாங்குங்கள். லென்ஸ் கொடுக்கும் நாளில் சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வகுப்பறைச் சோதனையில் எதையும் ருசி பார்க்கக்கூடாது, எலுமிச்சைச் சாறாக இருந்தாலும்.

பேட்டரியில் எல்.இ.டி. எரியவில்லை.

ஒரு கட்டை 1.5 வோல்ட்தான், எல்.இ.டி.க்கு நிறத்தைப் பொறுத்து இரண்டு, மூன்று வோல்ட் வேண்டும். இரண்டு கட்டை வையுங்கள். இரண்டு கட்டையிலும் எரியாவிட்டால் திருப்பி மாட்டுங்கள், அதற்கு ஒரு திசைதான் உண்டு. முதல் பாடத்துக்குப் பழைய டார்ச் பல்புதான் நல்லது. ஒரு கட்டை, ஒரு பல்பு, ஒரே ஒரு ஒயர் கொடுத்து எரியவைக்கச் சொல்லுங்கள். பெரியவர்களே திணறுவார்கள்.

பையன்கள் கருவியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள், பெண் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

"கையெழுத்து அழகா இருக்கு, நீ எழுதும்மா" என்று நாமேதான் தொடங்கிவைக்கிறோம். அளப்பவர், எழுதுபவர், பொருளுக்குப் பொறுப்பாளர், அறிவிப்பவர் என்று வேலையைப் பிரித்து, ஒவ்வொரு சோதனைக்கும் மாற்றுங்கள். எந்த வாரம் யாருக்கு எது என்று சுவரில் ஒட்டிவிட்டால் சண்டையும் வராது. கொஞ்ச நாளைக்குத் தனித்தனிக் குழுவாகப் போட்டாலும் தப்பில்லை.

சரியாக வாசிக்க, எழுத வராத பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் நன்றாகச் செய்வார்கள். சைக்கிள் கடையிலோ வயலிலோ கைவேலை பழகிய பிள்ளைக்கு நூலைக் கட்டவும் ஒயரைச் சீவவும் வரும். ஊகத்தை அவர்கள் படமாக வரையட்டும். விவாதத்தில் முதலில் அவர்களைப் பேசவிடுங்கள், நன்றாகப் படிக்கிற பிள்ளை பேசிவிட்டால் அப்புறம் வாய் திறக்கமாட்டார்கள்.

விதை முளைக்கும் சோதனை எப்போதும் காய்ந்துபோகிறது.

வெள்ளிக்கிழமை தொடங்கியிருப்பீர்கள். திங்கட்கிழமை தொடங்குங்கள். பச்சைப்பயறு இரண்டு நாளில் முளைவிட்டுவிடும், சனி ஞாயிறு குறுக்கிடாது. ஒரு கிண்ணம் வெளிச்சத்தில், ஒன்று அலமாரிக்குள், இரண்டிலும் ஈரம் ஒரே அளவு, விதை எண்ணிப் போட்டது. இருட்டில் முளைக்காது என்று முக்கால் வகுப்பு எழுதியிருக்கும், ஆனால் முளைத்துவிடும். மேலும் சில நாள் விட்டால் இருட்டுச் செடி வெளிறி, நீண்டு, துவண்டுபோகும். வெளிச்சம் எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்ற கேள்வி அங்கே தானாகப் பிரிந்துவிடும்.

வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போய்ச் செய்ய ஏதாவது இருக்கிறதா?

நிழல். செலவே இல்லாத பாடம். ஒரு குச்சியை நட்டு, பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகக் குறுகியிருக்கும் என்று எல்லாரும் எழுதுவார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது, தமிழ்நாடு முழுக்க அதற்கு மேற்கே இருக்கிறது. சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து 13 நிமிடம் கழித்துத்தான் கோவையில் வரும். புவியியல் பாடத்துத் தீர்க்கரேகைக்கு முற்றத்திலேயே ஒரு சாட்சி.

வருடத்தில் இரண்டு நாள் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து, செங்குத்தான குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும். சென்னையில் அது ஏப்ரல் 24ஐயும் ஆகஸ்ட் 18ஐயும் ஒட்டி வரும். கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, செப்டம்பர் 1 வாக்கில். ஏப்ரல் பரீட்சை மாதம், அதனால் ஆகஸ்டைப் பிடியுங்கள். சென்னையில் ஆகஸ்டில் அந்தக் கணம் ஏறத்தாழ 12.13க்கு. மேகம் வந்தால் மறுநாள் பாருங்கள், ஒரு நாள் முன்னே பின்னே ஆனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குழாய்த் துண்டை நிமிர்த்தி வைத்து, உள்ளே வெளிச்சம் தரையில் வட்டமாக விழுவதைக் காட்டினால் சின்ன வகுப்புகளும் வந்து நின்றுவிடும்.

இதையே ஒரு உள்ளூர்க் கேள்வியாக வளர்க்க நினைக்கும் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு இருக்கிறது. 1993 முதல் நடக்கிறது, 10 வயதிலிருந்து 17 வரை பங்கேற்கலாம்.

பெற்றோர், "படிக்க அனுப்பினா விளையாடிட்டு வர்றான்" என்கிறார்களே?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நீங்கள் பேசாதீர்கள், இரண்டு பிள்ளைகளைப் பேசவிடுங்கள். ஆரத்தித் தண்ணீரும் ஒரு எலுமிச்சையும் போதும். பெற்றோரிடமும் முதலில் ஊகம் கேட்கச் சொல்லுங்கள்.

பொருட்களை எங்கே வைப்பது? பாதியை எலி கடிக்கிறது, பாதி காணாமல் போகிறது.

அட்டைப்பெட்டி வேண்டாம், மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளி. விதையும் மாவும் அறிவியல் வாளியில் இருக்கக்கூடாது, அந்தந்த வாரம் வாங்குங்கள். மூடியின் உள்பக்கம் என்னென்ன, எத்தனை என்று ஒரு தாள் ஒட்டி, சோதனை முடிந்ததும் பொறுப்பாளர் எண்ணிக் கையெழுத்துப் போடட்டும். காந்தங்களைத் திசைகாட்டியோடு ஒரே வாளியில் போடாதீர்கள், அடுத்த வருடம் வடக்கு தெற்காகிவிடும். பல்புகளைப் பஞ்சில் சுற்றி வையுங்கள். இரும்புத்தூள் ஈரம் படாமல் கண்ணாடிப் பாட்டிலில் இருக்கட்டும். மே மாத விடுமுறைக்குப் பூட்டும்போது எல்லாப் பேட்டரிக் கட்டைகளையும் கழற்றி வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஜூனில் திறக்கும்போது கசிந்து தகட்டையெல்லாம் தின்றிருக்கும்.